நூறு ரூபாய்க் கூவல்

அய்யாத்துரை அண்ணாச்சிக்கு நான் கொடுக்க வேண்டிய பாக்கி பதினோராயிரத்து நானூற்று அறுபது ரூபாய். போன வருஷம் சீசனில் பாதி நாள் அருவியில் வெள்ளம் என்று ஆட்களை விடவில்லை. குளிக்க ஆள் இல்லையென்றால் எண்ணெய் தேய்க்கவும் ஆள் கிடையாது. அந்த நாட்களில் வீட்டுச் செலவுக்கு வாங்கியதும், என் மனைவி உலகம்மையின் ஆபரேஷனுக்கு வாங்கியதும் சேர்ந்து அவ்வளவு ஆகிவிட்டது.

அண்ணாச்சிக்கு மேலகரத்தில் மூலிகை எண்ணெய்க் கடை. ஐந்தருவி போகிற ரோட்டில் ஒரு தகரக் கொட்டகையும் உண்டு. முன்பக்கம் எண்ணெய் பாட்டில் விற்பனை, பின்பக்கம் இரண்டு பெஞ்சு. பெஞ்சில் படுக்கிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவது என் வேலை. தேய்த்து முடிந்ததும் பின்னால் இருக்கிற குழாயில் எண்ணெய் போகக் கழுவிவிட்டு அருவிக்குப் போவார்கள். ஆளுக்கு முந்நூறு ரூபாய். அதில் நூறு, எண்ணெய்க்கும் இடத்துக்குமாக அண்ணாச்சிக்கு. மீதி எனக்கு. இருபது வருஷத்துக்கு மேல் இதே வேலைதான். தோள்பட்டை இப்போது சொன்னபடி கேட்பதில்லை.

ஆனி பிறந்ததும் அண்ணாச்சி சொல்லிவிட்டார்.

“ஆடி முடியதுக்குள்ள பாக்கிய அடைச்சிரு மாரி. வாசுதேவநல்லூர் பாண்டிராஜ் முன்பணம் தாரேன், பெஞ்சைக் குடுங்கன்னு நடையா நடக்கான்.”

“பாக்கலாம் அண்ணாச்சி.”

“பாக்கலாம்னு சொல்லாத. அடைச்சிட்டேன்னு வந்து சொல்லு.”

பெஞ்சு போனால் எனக்கு வேறு பிழைப்பு இல்லை. மூட்டை தூக்க இந்தத் தோள் ஆகாது. உட்கார்ந்து செய்கிற வேலைக்கு என்னை யாரும் கூப்பிடப் போவதும் இல்லை.

சாரல் நன்றாகத்தான் விழுந்தது. ஆனால் எங்கள் கொட்டகைக்கு எதிரே புதிதாகக் கண்ணாடிக் கதவு போட்டு, ஏசி வைத்து ஒரு மசாஜ் நிலையம் திறந்திருந்தார்கள். காரில் வருகிறவர்கள் எல்லாம் நேராக அங்கே போனார்கள். தென்காசியில் விளம்பரம் செய்து கொடுக்கிற ஒருவர் வந்து, புதிதாக வீடியோ எடுத்துத் தர நாற்பதாயிரம் கேட்டார். அண்ணாச்சி அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

அண்ணாச்சியின் மருமகள் ஜெஸி பி.காம் படித்தவள். அவள் வீட்டுக்காரர் ஜோயல் மஸ்கட்டில் இருக்கிறார். அவள்தான் சொன்னாள்.

“எதுக்கு மாமா நாப்பதாயிரம்? நம்மகிட்ட மூட்டை மூட்டையா கெடக்கு. இருக்கிறத வெட்டி ஒட்டுனாப் போதும்.”

“என்ன கெடக்கு? காலி பாட்டில்தான் கெடக்கு.”

“பழைய நோட்டீஸ் இருக்கு. எண்ணெய் வாங்குனவங்க முட்டுவலி போச்சுன்னு போன்ல பேசி அனுப்புனது இருக்கு. எங்க வீட்டுக்காரங்க சீசனுக்குச் சீசன் எடுத்த வீடியோ இருக்கு. ஒண்ணும் புதுசா எடுக்க வேண்டாம்.”

செய்தும் காட்டினாள். பாட்டிலோடு வைத்துக் கொடுக்கிற சீட்டில், எண்ணெயை எப்படிச் சூடாக்குவது, எங்கே தேய்ப்பது என்று ஐந்தாறு விஷயம் அச்சடித்திருக்கும். அதை ஒவ்வொன்றாகப் பிரித்து நாளுக்கு ஒன்றாக, கடைப் பெயரில் எல்லோரும் பார்க்கும்படி போனில் போட்டாள். திருவேங்கடத்திலிருந்து ஒரு ஆச்சி பேசி அனுப்பியிருந்ததை அப்படியே எடுத்து, கீழே எங்கள் பாட்டில் படத்தை வைத்தாள். கூரியரில் அனுப்பச் சொல்லி வெளியூரிலிருந்து கேட்டார்கள். அண்ணாச்சிக்குச் சந்தோஷம்.

பிறகு அவள் கையில் என் வீடியோ சிக்கியது. எட்டு வருஷத்துக்கு முன் ஜோயல் எடுத்தது. முடியெல்லாம் கறுப்பாக, இடுப்பில் சிவப்புத் துண்டோடு ரோட்டோரம் நின்று கூவுகிறேன்.

“வாங்க சார் வாங்க! உச்சந்தலையிலேர்ந்து உள்ளங்கால் வரைக்கும் நூறே ரூவா! வலி போகலைன்னா துட்டு வேண்டாம்! தேச்சிட்டுப் போனா மாமியா வீட்டுக்கே நடந்து போயிரலாம்!”

அருவிக்குப் போகிற ரோட்டில் கூவுவது என்றால் அப்படித்தான். பழம் விற்கிறவர், சிப்ஸ் விற்கிறவர், எண்ணெய்க்காரர் எல்லோரும் ஒரே நேரத்தில் கூவுவோம். வாய்க்கு வந்ததைச் சொல்வோம். வருகிறவர்கள் சிரித்துக்கொண்டே விலை பேசுவார்கள். கூவியதைப் பிடித்துக்கொண்டு யாரும் கேள்வி கேட்டதில்லை.

அதைப் போடுவதற்கு முன் ஜெஸி எங்களுக்குக் காட்டினாள். நான் பார்த்தேன். அண்ணாச்சி திரும்பத் திரும்பப் பார்த்து, “ஏலே, ராசா மாதிரி இருந்திருக்க” என்று சிரித்தார். விலை மட்டும் எங்களில் ஒருவர் காதிலும் விழவில்லை. கூவலைக் கேட்டுக் கேட்டு, உள்ளே என்ன சொல்கிறார்கள் என்று கவனிக்கிற பழக்கமே எங்களுக்கு விட்டுப்போயிருந்தது.

வெள்ளிக்கிழமை ஜெஸி அதைப் போட்டாள். சனிக்கிழமை காலையில் மதுரையிலிருந்து ஒரு வேன் வந்தது. இறங்கும்போதே ஒரு பையன், “டேய், நூறு ரூவா அண்ணன் இவருதான்டா!” என்று கத்தினான். எனக்கு ஒன்றும் புரியவில்லை. முதல் ஆளைத் தேய்த்து முடித்து முந்நூறு கேட்டேன். அவர் போனை எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். என் குரல்தான்.

“இது பழசு சார்.”

“பழசுன்னு எங்கண்ணே போட்டிருக்கு? நேத்துத்தான வந்துச்சு. நீங்கதான பேசுறீங்க?”

நான்தான் பேசுகிறேன். இல்லை என்று எப்படிச் சொல்வது? நூறை வாங்கிக்கொண்டேன். அடுத்தவர் படுத்தார். வேனில் வந்த எல்லோரும் வரிசையில் நின்றார்கள். கடைசியில் ஒரு பெரியவர் எழுந்து, கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, “வலி போகலப்பா. துட்டு வேண்டாம்னு நீயே சொல்லிட்ட” என்று சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

சாயங்காலம் ஜெஸி அந்த வீடியோவை அழித்தாள். பிரயோசனம் இல்லை.

“நான் அழிச்சாச்சு மாமா. ஊர்ல எல்லாரு போன்லயும் கெடக்கு. ஒருத்தருக்கு ஒருத்தர் அனுப்பிக்கிட்டே இருக்காங்க.”

முந்நூறு ரூபாய் என்று அட்டையில் எழுதி வாசலில் தொங்கவிட்டோம். அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு, உள்ளே வந்து நூறுதான் கொடுத்தார்கள். ஞாயிறும் திங்களும் கூட்டம் குறையவில்லை. எதிர்க்கடை ஏசி சும்மா ஓடியது. வாங்கிய நூறு அப்படியே அண்ணாச்சிக்குப் போனது. என் பங்கு என்று ஒன்றும் இல்லை. திங்கள் மதியம் சோற்றை அள்ளி வாய்க்குக் கொண்டுபோகக் கை எழும்பவில்லை. இடது கையால் சாப்பிட்டேன்.

அப்போது அண்ணாச்சி வந்து சொன்னார்: “துட்டு தராமப் போனானுவள்லா, அந்த எண்ணெய் உன் பாக்கியில சேரும்.”

“அது எப்படி அண்ணாச்சி?”

“வாய் உன்னுதுதானலே?”

“வாய் என்னுதுதான். எடுத்துப் போட்டது நம்ம கடை. நூறுன்னு கூவச் சொன்னதும் நீங்கதான். வலி போகலைன்னா துட்டு வேண்டாம்னு சொல்லிக் குடுத்ததும் நீங்கதான்.”

“எட்டு வருஷத்துக்கு முன்ன சொன்னதுக்கு இப்ப நான் என்னலே பண்ண?”

“அதத்தான் நானும் கேக்கேன்.”

ஜெஸி பாட்டில் அடுக்கிக்கொண்டிருந்தவள் திரும்பினாள். “மாமா, தப்பு என் மேல. வெட்ட வேண்டியத வெட்டாமப் போட்டவ நான். அண்ணனைப் பேசாதீங்க. இந்த மூணு நாள்ல பாட்டில் எத்தன போச்சுன்னு சொல்லுங்க பாப்போம்.”

அண்ணாச்சி பெஞ்சில் உட்கார்ந்தார். நூறு ரூபாய்க்குத் தேய்த்துக்கொண்டவர்கள் லாபம் வந்த சந்தோஷத்தில் ஆளுக்கு இரண்டு பாட்டில் வாங்கிப் போயிருந்தார்கள். மேலகரத்துக் கடையிலிருந்து இரண்டு தடவை ஆட்டோவில் சரக்கு வந்திருந்தது.

“அது வேற, இது வேற” என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

மறுநாள் காலை ஜெஸி ஒரு குச்சியில் போனை மாட்டிக்கொண்டு வந்தாள். அதே ஆள், அதே இடம், புது விலை. அதைப் போட்டால்தான் பழையது நிற்கும் என்றாள். சிவப்புத் துண்டும் கொண்டுவந்திருந்தாள். கட்டிக்கொண்டு நின்றேன்.

“கூவுங்கண்ணே.”

நான் வாயைத் திறக்கவில்லை.

“என்னலே, தொண்ட கட்டிட்டா?” என்றார் அண்ணாச்சி.

“இல்ல அண்ணாச்சி. இப்பக் கூவுனா இது எத்தன வருஷம் ஓடுமோ, யாருக்குத் தெரியும்? பாக்கிய வச்சுக்கிட்டு என்னால கூவ முடியாது. அதத் தள்ளிருங்க.”

“மெரட்டுதியா?”

“மெரட்டல. மூணு நாளு கூலி இல்லாமத் தேச்சிருக்கேன். பாட்டிலு வித்த துட்டு உங்ககிட்டதான் இருக்கு. வேணும்னா பாண்டிராஜைக் கூப்புட்டுக் கூவச் சொல்லுங்க. வாரவன் நூறு ரூவா அண்ணன் எங்கன்னுதான் கேப்பான்.”

அண்ணாச்சி ஜெஸியைப் பார்த்தார். அவள் குச்சியைத் திருகிச் சரிசெய்துகொண்டிருந்தாள். ரோட்டில் இன்னொரு வேன் வந்து ஓரங்கட்டியது. “நூறு ரூவா கடை இதுதானே?” என்று உள்ளிருந்து ஒரு பெண் குரல் கேட்டது.

“பாதியத் தள்ளுதேன்.”

நான் துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டேன்.

“கர்த்தரே! ஊமை மாதிரி இருந்துக்கிட்டு என்ன பேச்சுப் பேசுதான் பாரு. சரிலே, முழுசும் தள்ளியாச்சு. போ, கூவு. வேன்காரன் எறங்கப் போறான்.”

“ஒரு வாட்டி போன்ல சொல்லிருங்க அண்ணாச்சி.”

“மூதி, என் வார்த்தையில நம்பிக்கை இல்லையா?”

“இருக்கு. சும்மா சொல்லுங்க.”

ஜெஸி சிரிப்பை அடக்கிக்கொண்டு போனை அவர் பக்கம் திருப்பினாள். அண்ணாச்சி என்னை முறைத்தார். பிறகு கையாலேயே தலையை வாரிக்கொண்டு, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு நின்றார்.

“மாரி எனக்குத் தர வேண்டிய பதினோராயிரத்து நானூத்தி அறுவது ரூவாயத் தள்ளிட்டேன். இனி அவன் ஒரு பைசா தர வேண்டாம்.”

“பேரு சொல்லல மாமா. யாரு சொல்லுதாங்கன்னு தெரியணும்லா?”

“மேலகரம் அய்யாத்துரை சொல்லுதேன். போதுமா, ஏட்டி?”

ஜெஸி அதை என் போனுக்கு அனுப்பினாள். வந்துவிட்டதா என்று திறந்து ஒரு தடவை கேட்டேன். அப்புறம் துண்டைத் திரும்பக் கட்டிக்கொண்டு ரோட்டோரம் போய் நின்றேன்.