மெரூன் பனியனும் ஊற்றுத் தண்ணீரும்

மலையடிவார ஊற்றுப் பூங்காவுக்குச் சுற்றுலா வந்த பனியன் கம்பெனி ஆட்கள் எல்லோரும் மெரூன் டி-சர்ட்டில் இருந்தார்கள். இலவசமாகச் சாயம் போட்டுக் கொடுத்தவர் அருள்புரம் சாயப்பட்டறை மகுடேஸ்வரன். சாயம் பிடித்துப்போனால் கம்பெனியின் வருட ஆர்டர் அவருக்குத்தான். அதை முடிவு செய்யவேண்டிய மேனேஜர் அக்ஷராவும் மெரூனில்தான் வந்திருந்தாள்.

அவசரத்தில், ஒட்டாத சாயத்தைப் போக்கும் கடைசி அலசலை விட்டுவிட்டது மகுடேஸ்வரனுக்கு மட்டுமே தெரியும். பூங்காவில் குளிக்க விடுவார்கள் என்பது அவருக்கே இங்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

"எறங்காதீங்க, அட்டை இருக்குதுங்க!" என்றார். சிரித்தார்கள்.

"போன வாரம் முதலையைப் பார்த்தாங்களாம்!" என்றார் மறுபடியும்.

இடுப்பளவு தண்ணீரில் முதலை எங்கே படுத்திருக்கும் என்று பார்ப்பதற்காகவே நாலு பேர் குதித்தார்கள். மீதிப் பேர் பின்னாலேயே குதித்தார்கள். கண்ணாடி மாதிரி இருந்த ஊற்று பீட்ரூட் ஜூஸ் ஆனது. காவலாளி விசில் ஊதிக்கொண்டு ஓடிவந்தார்.

அக்ஷரா கரையிலேயே நின்றாள். "ஏனுங்க, எங்களுக்கெல்லாம் மெரூன் குடுத்துட்டு, நீங்க மட்டும் வெள்ளைச் சட்டையில வந்திருக்கறீங்க?"

"வெயிலுக்குங்க."

"அப்ப ஒரு முங்கு போட்டுட்டு வாங்க. சூடு தணியும்."

ஆர்டர் கொடுக்கிறவர் சொன்னால் முங்காமல் இருக்க முடியுமா? முங்கினார். ஏறி வந்தபோது சட்டை நல்ல ரோஸ் நிறத்தில் இருந்தது. அக்ஷரா அதன் கையை அழுத்திப் பிழிந்து பார்த்தாள். ஒரு சொட்டுச் சாயம்கூடப் போகவில்லை.

"அருமைங்க! ரோஸ் வேணும்னா உங்களையே கூப்பிடறேனுங்க" என்றாள். "மெரூனுக்கு மட்டும் வேற பட்டறை பார்த்துக்கறேன்."