செவ்வாய்க்கிழமை வந்த அழைப்பு

குடிவரவு அலுவலகத்தின் கடிதத்தில் இருந்தது நான்கே வாக்கியம். பிரெஞ்சில் இருந்ததால் மாளவிகா அதை மூன்று முறை படித்தாள். மூன்று முறையும் அது ஒரே விஷயத்தைத்தான் சொன்னது. நீங்கள் வேலை செய்வதாகக் குறிப்பிட்ட செயற்கைப் பல் செய்யும் லேபைப் பிப்ரவரி பதினெட்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் இரண்டு பத்துக்குத் தொலைபேசியில் தொடர்புகொண்டோம். அழைப்பை எடுத்த பெண்மணி அந்தப் பெயரில் அங்கே யாரும் இல்லை என்றார். உங்கள் வேலை அனுபவத்தை எங்களால் ஏற்க இயலவில்லை. முப்பது நாட்களுக்குள் தக்க விளக்கம் வராவிட்டால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும்.

அவள் நாள்காட்டியை எடுத்து முப்பது நாளை எண்ணினாள்.

திருச்சியிலிருந்து மொன்ட்ரியாலுக்கு வந்த மூன்று வருடத்தில் அவள் சேர்த்த சொத்து என்றால் அது புள்ளிகள்தான். படிப்புக்கு இத்தனை, வயதுக்கு இத்தனை, வேலை அனுபவத்துக்கு இத்தனை. பிரெஞ்சுக்காக இரண்டு குளிர்காலம் மாலை வகுப்புக்கு ஓடி, பல்லைக் கடித்துக்கொண்டு வினைச்சொற்களை உருப்போட்டுச் சேர்த்தது இத்தனை. எல்லாம் கூட்டி, நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்று அழைப்பு வந்தபோது எல்லைக்கோட்டுக்கு மேலே அவளுக்கு இருந்தது வெறும் நான்கு புள்ளி. இதோ மே மாதம் பிறந்தநாள். ஒரு வயது கூடினால், மறுபடி விண்ணப்பிக்க அந்த நான்கும் இருக்காது. ஜூலையில் வேலை அனுமதி முடிகிறது. இந்த விண்ணப்பம் போனால் அவளும் கணவன் அஷ்வத்தும் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

அழைப்பை எடுத்த பெண்மணி யாரென்று கண்டுபிடிக்கத் துப்பறியும் நிபுணர் யாரும் தேவையில்லை. மொன்ட்ரியாலின் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் ஒரு புடவைக் கடைக்கு மேல்மாடியில் இருந்த அந்த லேபில் மொத்தமே மூன்று பேர். முதலாளி ஆனந்தராசா, மாளவிகா, அக்னெஸ். செவ்வாய்க்கிழமை பிற்பகலில் மாளவிகா, செய்து முடித்த பற்களை எடுத்துக்கொண்டு டவுன்டவுனில் இருக்கும் டாக்டர்களிடம் கொடுக்கப் போய்விடுவாள். மிச்சம் இருக்கும் ஒரே பெண்மணி அக்னெஸ்.

"அந்தம்மா எதுக்குடி அப்படிச் சொல்லணும்?" என்றான் அஷ்வத்.

"பொறாமை. வேற என்ன?"

"அவங்க சிட்டிசனாகி இருபது வருஷம் ஆச்சு. உன்னைப் பார்த்து என்ன பொறாமை?"

மாளவிகா கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தாள். சந்தேகத்துக்குக் காரணமா முக்கியம்? ஒரு தடவை உள்ளே விட்டுவிட்டால் அது தனக்கு வேண்டிய தீனியைத் தானே தேடிக்கொள்ளும். அன்று இரவே அவள் மனதில் பழைய விஷயங்கள் ஒவ்வொன்றாக எழுந்து வரிசையில் வந்து நின்றன.

"உமக்கு விசா எப்ப முடியுது பிள்ளை?" என்று டிசம்பரில் அக்னெஸ் கேட்டார். எதற்குக் கேட்டார்? ஜனவரியில், "வீட்டில ஆர் ஆர் இருக்கிறியள்? பகலில வீடு பூட்டித்தானே கிடக்கும்?" என்றார். அது இவருக்கு எதற்கு? ஒருநாள் குடிவரவு அலுவலகத்தின் உறை மாளவிகாவின் பையிலிருந்து எட்டிப் பார்த்தபோது அக்னெஸ் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டுப் பார்க்காதது போல மெழுகை உருக்கத் தொடங்கினார். அப்போதே தனக்கு உறைத்திருக்க வேண்டும் என்று மாளவிகா தன்னையே திட்டிக்கொண்டாள்.

பிறகு சந்தேகம் முதலாளி பக்கம் திரும்பியது. ஆனந்தராசாவுக்கு என்ன? அவளுடைய வேலை அனுமதி இந்த லேபோடு கட்டிப்போட்டது. நிரந்தர வதிவிடம் கிடைத்துவிட்டால் அவள் எங்கு வேண்டுமானாலும் போகலாம். அவள் கைக்கு ஈடாகச் செராமிக் பல் வேலை செய்ய ஆள் தேடி அவர் நாயாய் அலைய வேண்டும். அக்னெஸை அப்படிச் சொல்லச் சொன்னதே அவராக இருந்தால்? இருவரும் ஒரே ஊர்க்காரர்கள், முப்பது வருடப் பழக்கம். தான்தான் இடையில் வந்தவள்.

இந்த இடத்தில் மாளவிகாவைப் பற்றியும் ஒன்று சொல்லிவிட வேண்டும். விண்ணப்பித்த விஷயத்தை அவள் லேபில் ஒருவருக்கும் சொல்லவில்லை. "கைக்கு வர்ற வரைக்கும் யாருகிட்டயும் மூச்சு விடாதே, கண்ணு பட்டா எல்லாம் நின்னு போயிடும்" என்று அம்மா ஒவ்வொரு ஞாயிறும் போனில் ஓதினாள். எம்.எஸ்ஸி. படித்த மகளும் அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். வேலைச் சான்றிதழ் கேட்டபோதுகூட முதலாளியிடம் பேங்குக்கு என்றுதான் சொன்னாள். விண்ணப்பத்தைக் கவனித்த குடிவரவு ஆலோசகரிடமிருந்து போன் வந்தால் மாடிப்படியில் போய் நின்று கிசுகிசுத்தாள். காகிதங்களைக் கவிழ்த்து வைத்தாள். அலுவலகத்திலிருந்து யாராவது லேபுக்கு அழைத்தால் என்ன ஆகும் என்று யோசிக்கவே இல்லை. திருஷ்டிக்குப் பயந்தவளுக்குக் கணக்கு அதோடு முடிந்துவிட்டது.

அடுத்த பத்து நாளும் அவள் லேபில் வேவு பார்த்தாள். போன் மணி அடித்தால் கை நின்றது, காது நீண்டது. அக்னெஸ் போனை எடுத்து "போன்ஜூர்" என்று தேன் ஒழுகச் சொல்வதைக் கேட்கும்போதெல்லாம் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்னெஸ் வழக்கம்போல் தன் சோற்றுப் பெட்டியிலிருந்து மீன் பொரியலை எடுத்து அவள் தட்டில் வைத்தார். மாளவிகா நன்றி சொல்லிவிட்டு, அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் அதைக் குப்பையில் போட்டாள்.

பதினோராம் நாள் காலை விளக்கத்தை எழுதி இணையத்தில் ஏற்றினாள். சம்பளச் சீட்டுகள், வரிப் படிவங்கள், லேபில் எடுத்த படங்கள் எல்லாம் சேர்த்தாள். கடைசிப் பத்தியில் இப்படி எழுதினாள்: என்னுடன் வேலை செய்யும் அக்னெஸ் வலன்ரைன் என்பவர் என் மேல் உள்ள பொறாமையால், எனக்குக் கெடுதல் செய்யும் நோக்கத்தோடு, உங்களிடம் வேண்டுமென்றே பொய் சொல்லியிருக்கிறார். ஆலோசகர் அந்தப் பத்தி வேண்டாம் என்றார். "உண்மையைத்தானே எழுதறேன்" என்று சொல்லி அனுப்பும் பொத்தானை அழுத்தினாள். அழுத்தியதும் நெஞ்சு லேசானது, பொய் சொல்வானேன்.

அன்று மத்தியானம் ஆனந்தராசா வெளியே போயிருந்தார். அக்னெஸ் தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பிள்ளை, நானும் பத்து நாளாப் பாக்கிறன். முகம் வாடிக் கிடக்கு. அவங்கள் வீட்டையும் வந்திட்டாங்களோ?"

"யாரு அக்கா?"

"இமிகிரேசன்காரர்தான். பயப்பிடாதையும். இஞ்சை எடுத்தவங்கள். நீர் டாக்டர்மாரிட்டைப் போன நேரம். ஒரு பெட்டை, நல்ல மரியாதையாக் கதைச்சவள். உம்மடை முழுப்பேரையும் சொல்லி, இஞ்சை வேலை செய்யிறாவோ எண்டு கேட்டவள். நான் விடுவனே? அப்பிடி ஒரு ஆளும் இஞ்சை இல்லை, அந்தப் பேரையே கேள்விப்படேல்லை எண்டு சொல்லிப்போட்டன்."

சொல்லும்போது அக்னெஸின் முகத்தில் இருந்தது வெற்றிச் சிரிப்பு. மாளவிகாவுக்கு ஒரு கணம் ஒன்றுமே விளங்கவில்லை.

"எதுக்கு அப்படிச் சொன்னீங்க?"

"உமக்கு விசா பிழை எண்டு எனக்குத் தெரியும் பிள்ளை. வாய் திறந்து சொல்லாட்டில் தெரியாதோ? நீர் படியில நிண்டு குசுகுசுக்கிறதும், கடிதத்தை ஒளிக்கிறதும், போன் அடிச்சாத் திடுக்கிடுறதும். இதுகளைப் பாத்துத்தானே நாங்கள் இந்த ஊரில சீவிச்சனாங்கள்." அவர் குரலைத் தாழ்த்தினார். "தொண்ணூற்றேழில இப்பிடித்தான் ஒருத்தி மரியாதையா எடுத்தவள். என்ரை தம்பியின்ரை பேரைச் சொல்லிக் கேட்டவள். அப்ப நான் தையல் கொம்பனியில வேலை. நானும் ஓம், இஞ்சைதான் வேலை செய்யிறான், நாலு மணிக்கு முடிஞ்சிடும் எண்டு சொன்னன். நாலு மணிக்கு வாசலில ரெண்டு பேர் நிண்டவங்கள். திருப்பி அனுப்பிப்போட்டாங்கள். கொழும்பில இறங்கினவன். பேந்து அவனைப் பற்றி ஒரு சேதியும் இல்லை. நான்தானே சொன்னனான், பிள்ளை. அண்டைக்குப் பிறகு ஆர் எடுத்து ஆரைக் கேட்டாலும் எனக்கு ஒருத்தரையும் தெரியாது."

மாளவிகாவின் கையில் இருந்த மெழுகுக் கத்தி மேசையில் விழுந்தது. அவள் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். விசா சரியாகத்தான் இருக்கிறது, நிரந்தர வதிவிடத்துக்குப் போட்டிருக்கிறாள், அழைத்தது அதைச் சரிபார்க்க, இல்லை என்று சொன்னதால் எல்லாம் கவிழப் போகிறது.

அக்னெஸின் முகம் சாம்பலானது. "ஐயோ, மாதாவே! ஒரு சொல்லு சொல்லியிருக்கலாமே பிள்ளை! ஒரே ஒரு சொல்லு!" தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு எழுந்தார். "இப்ப என்ன செய்யவேணும்? நான் கதைக்கிறன். பிழை என்னிலதான் எண்டு கதைக்கிறன். நம்பரைத் தாரும்."

மாளவிகாவின் மனம் அந்த நேரத்திலும் கணக்குப் போட்டது. வெட்கக்கேடுதான், ஆனால் போட்டது. இவர் பேசினால் காரியம் நடக்கும். காலையில் எழுதியதைப் பற்றி வாய் திறக்காமலே இருந்துவிடலாம். ஆனால் அந்தப் பக்கம் இருப்பவர்கள் அந்தப் பத்தியைப் படித்துவிட்டு இவரிடமே கேட்டால்? நம்பரைத் தேடுவது போல் போனை நோண்டினாள். அக்னெஸ் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அக்கா, இன்னிக்குக் காலையில நான் ஒரு பதில் அனுப்பிட்டேன். அதுல உங்களைப் பத்தி எழுதிட்டேன்."

"என்னத்தை?"

"நீங்க பொறாமையில வேணும்னே பொய் சொன்னீங்கன்னு."

அக்னெஸ் அதற்குக் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் மாளவிகாவுக்கு எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும். அவர் கேட்டது வேறு.

"பேரையும் எழுதினனீரோ?"

"ஆமாக்கா."

"முழுப்பேரையுமோ?"

மாளவிகா தலையை மட்டும் ஆட்டினாள்.

"உமக்கு என்னோட கோவமெண்டால் என்னட்டைக் கேட்டிருக்கலாமே," என்றார் அக்னெஸ், மெதுவாக. "அவங்களிட்டை ஏன் பேரைக் குடுத்தனீர்?"

சொல்லிவிட்டு லேப் போனைத் தன் பக்கம் இழுத்து, மாளவிகா நீட்டிய கடிதத்தில் இருந்த எண்ணை அழுத்தினார். ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. போனில் காத்திருப்பு இசை ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் ஒருவர் வந்தபோது அக்னெஸ் முப்பது வருட மொன்ட்ரியால் பிரெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்து பேசினார். என் பெயர் அக்னெஸ் வலன்ரைன். அன்று பொய் சொன்னது நான். அந்தப் பிள்ளை இங்கேதான் வேலை செய்கிறாள், மூன்று வருடமாக, என் பக்கத்து மேசையில். அவளுக்கு ஒன்றும் தெரியாது. பயத்தில் சொன்னேன். எதற்குப் பயம் என்று அந்தப் பக்கம் கேட்டிருக்க வேண்டும். "அது பழைய கதை" என்றார். எழுத்தில் தரச் சொன்னார்கள். அன்று மாலையே எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஆனந்தராசா வந்ததும் விஷயம் தெரிந்து மாளவிகாவைக் கடித்துக் குதறினார்; "என்னட்டைச் சொன்னால் நான் விழுங்கிப்போடுவனோ?" என்றார். பிறகு புதிதாக ஒரு சான்றிதழும் எழுதித் தந்தார்.

ஏப்ரல் கடைசியில் பதில் வந்தது. விளக்கம் ஏற்கப்பட்டது. விண்ணப்பம் தேறிவிட்டது. அஷ்வத் அவளைத் தூக்கிச் சுற்றினான். லேபில் அக்னெஸ், "நல்ல சந்தோசம் பிள்ளை" என்றார்; முகமும் அதைத்தான் சொன்னது. மத்தியானம் தன் சோற்றுப் பெட்டியை எடுத்துக்கொண்டு சன்னலோரம் போய் உட்கார்ந்தார். வெயில் நன்றாக இருக்கிறது என்று காரணம் சொன்னார். வெயில் நன்றாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை மாளவிகா இனிப்பு வாங்கிக்கொண்டு, மெட்ரோவிலும் பஸ்ஸிலும் மாறி மாறி, மொன்ட்ரியால்-நோர் பகுதியில் இருந்த அக்னெஸின் வீட்டுக்குப் போனாள். முன்பு இரண்டு முறை போயிருக்கிறாள். இந்த முறை சொல்லாமல் போனாள். சொன்னால் வேண்டாம் என்றுவிடுவாரோ என்று பயம். மணியடித்ததும் உள்ளே யாரோ இளம்பெண் சிரிப்பது கேட்டது, சட்டென்று நின்றது. ஒரு கதவு சாத்தும் சத்தம். பிறகுதான் அக்னெஸ் வந்து சங்கிலியை விலக்கினார்.

"வாரும், வாரும். ஏன் இந்தச் செலவு?"

சமையலறை மேசையில் இரண்டு கோப்பைகளில் தேநீர் ஆவி பறந்துகொண்டிருந்தது. ஒன்றில் பாதி குடித்திருந்தது. அக்னெஸ் அதை எடுத்துக் கழுவும் தொட்டியில் வைத்தார்.

"விருந்தாளி வந்திருக்காங்களா அக்கா?"

அக்னெஸ் திரும்பிப் பார்த்தார். முகத்தில் சிரிப்பு இருந்தது, குரல் மரியாதையாக இருந்தது, ஒரு தடுமாற்றமும் இல்லை.

"இஞ்சை ஒருத்தரும் இல்லைப் பிள்ளை. நான் மட்டும்தான்."

மாளவிகா மூடியிருந்த அறைக் கதவைப் பார்த்தாள். பார்ப்பதை அக்னெஸ் பார்த்தார். அந்தப் பெண்ணுக்கு விசா இல்லாவிட்டாலும் நான் யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சொல்ல அவளுக்கு வாய் வரை வந்தது. அதை அவர் நம்புவதற்கு எந்தக் காரணமும் இல்லை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. இனிப்பு டப்பாவை மேசையில் வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தாள். அக்னெஸ் இருந்து போகச் சொல்லவில்லை.