எக்ஸ்ரே அறை வாசலில் ஒரு பெஞ்சு

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டிருந்தவளை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். காரணம், அவளுக்கு மரியாதை தெரியவில்லையாம்.

நடந்தது இதுதான். எக்ஸ்ரே அறைக்கு ஈயத் தகடு வைத்த கனமான கதவு. அதன் கீல் தளர்ந்துபோய், எவ்வளவு இழுத்துச் சாத்தினாலும் ஒரு கை நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டுக்கொண்டு நிற்கும். அந்த இடைவெளிக்கு நேர் எதிரே, காத்திருக்கிறவர்கள் உட்கார ஒரு பெஞ்சு. கதவைச் சரிசெய்யுங்கள் என்று அவள் கேட்காத ஆள் இல்லை. கதவு ஆகாதென்றால் பெஞ்சையாவது தள்ளிப் போடுங்கள் என்றாள். ஐயையோ, அது முதலாளி தன் அம்மா நினைவாகக் கொடுத்த பெஞ்சு! முதுகில் பித்தளைத் தகடு பதித்து அந்த அம்மாளின் பெயரைப் பொறித்திருந்தார்கள். உள்ளே நுழைகிற எல்லார் கண்ணிலும் முதலில் அதுதான் பட வேண்டுமாம். உட்கார்ந்திருப்பவர் உடம்பில் கதிர் படுவதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

வேறு வழியில்லாமல் அவளே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டாள். ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் வெளியே வருவாள். பெஞ்சில் இருப்பவர்களை எழுப்பி மூலைக்கு அந்தப் பக்கம் அனுப்புவாள். உள்ளே போய்ப் பொத்தானை அழுத்துவாள். திரும்ப வந்து உட்காரச் சொல்வாள். அடுத்தவர் உள்ளே வந்ததும் மறுபடி எழுப்புவாள். "காலு ஒடிஞ்சிருக்கான்னு பாக்க வந்தா, மிச்சக் காலையும் ஒடிச்சிடுவா போலிருக்கே" என்று ஒரு பெரியவர் புகார் கொடுத்தார். கதவைப் பற்றி அவள் கொடுத்த மனுவைப் பிரித்துக்கூடப் பார்க்காத மேனேஜர், இந்தப் புகாரை மின்னல் வேகத்தில் படித்து முடித்தார்.

அவள் இடத்தில் புதிதாக ஒருவர் வந்தார். தங்கமான மனுஷராம், யாரையும் எழுப்புவதில்லையாம். வேலை போனதைவிட இந்தச் செய்திதான் அவளைத் தூங்கவிடவில்லை.

வீட்டில் சமையலறை மேசையைச் சுற்றி ஆலோசனைக் கூட்டம் கூடியது. கணவர் டைல்ஸ் கடையில் விற்பனையாளர். வாயாலேயே பாதித் தரையைப் பதித்துவிடுவார். கொழுந்தன் ஒரு செய்திச் சேனலில் மேக்கப் போடுகிறவன். வாசிப்பவர் மூக்கில் பவுடர் ஒற்றுவதால், நாட்டு நடப்பே தன் கையில் என்ற நினைப்பு. மூன்றாவது ஆள் அவளுடைய சித்தப்பா. வக்கீல். வாழ்நாளெல்லாம் நிலத் தகராறிலேயே ஊறிப்போனவர்.

"அண்ணி, நீங்க ம்னு ஒரு வார்த்த சொல்லுங்க. நாளைக்கே வேன் வந்து நிக்கும். அந்த மேனேஜர் மூஞ்சியப் பவுடர் போடாமலே ஊருக்குக் காட்டுறேன்" என்றான் கொழுந்தன்.

சித்தப்பா மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "டிவிக்கு எப்ப வேணா போலாம்ப்பா. போனா திரும்பி வரத்தான் முடியாது. மொதல்ல ஆஸ்பத்திரிக்கு நோட்டீஸ் விடுவோம். என்ன பதில் சொல்றாங்கன்னு பாப்போம். கூடவே கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆபீஸுக்கு ஒரு புகார். அவங்க சொல்லாம கொள்ளாம வந்து பாப்பாங்க. அப்பவும் மசியலன்னா தொழிலாளர் கோர்ட்டு இருக்கு." அவள் பக்கம் திரும்பினார். "வேலைக்குச் சேரும்போது வெளியில பேசமாட்டேன்னு கையெழுத்துப் போட்டிருக்கம்மா. அதிகாரிகிட்ட சொன்னா சட்டம் உன் பக்கம் நிக்கும். மைக்குகிட்ட சொன்னா அவங்க பக்கம் போய் நின்னுக்கும்."

"அதுவரைக்கும் அந்த பெஞ்சுல உக்காருறவங்க கதி?" என்று கேட்டார் கணவர்.

அவர் கேட்டதிலேயே உருப்படியான கேள்வி அது ஒன்றுதான். அவளுக்கும் சுருக்கென்றது. ஆனால் டிவியில் கத்தினால் கதவு மூடிக்கொள்ளுமா என்ன? சித்தப்பா சொன்னபடியே போகலாம் என்றாள். கொழுந்தன் முகம் சுண்டிப்போயிற்று.

நோட்டீஸுக்குப் பதில் வந்தது. கதவு மிக நன்றாக மூடுகிறது, எக்ஸ்ரே அறை வாசலில் இருக்கை என்று ஒன்று இருந்ததே இல்லை, ஊழியரின் நடத்தைதான் பிரச்சினை என்று எழுதியிருந்தார்கள். அவளுக்கு ரத்தம் கொதித்தது. சித்தப்பாவுக்கோ வாயெல்லாம் பல்.

"பொய் சொல்லிட்டாங்க. ரொம்ப நல்லது."

"என்ன சித்தப்பா நல்லது? நான் வேணா போய் போட்டோ எடுத்துட்டு வரவா?"

"எடுத்தா, பழைய போட்டோம்பாங்க. அதிகாரியே வந்து கண்ணால பாக்கட்டும். கொஞ்சம் பொறு."

நாளெல்லாம் மற்றவர்களை மூச்சைப் பிடிக்கச் சொன்னவள் இப்போது தானே பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் கணவருக்குத்தான் அந்தப் பயிற்சி இல்லை. ஒருநாள் டைல்ஸ் கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு நேரே தம்பியின் சேனலுக்குப் போய் உட்கார்ந்துவிட்டார். தம்பி அண்ணனுக்குக் குறை வைக்கவில்லை. முகம் புது டைல்ஸ் மாதிரி மின்னியது.

"என் வொய்ஃப் எவ்ளோ பொறுப்பானவ தெரியுமா சார்?" என்று அவர் நாட்டு மக்களைப் பார்த்துக் கேட்டார். "கதவு மூடாதுன்னு தெரிஞ்சும், ஒரு நாள் லீவு போடாம படம் எடுத்தா!"

மனைவி எல்லாரையும் எழுப்பி அனுப்பிவிட்டுத்தான் படம் எடுத்தாள் என்பதைச் சொல்ல மறந்துவிட்டார். சேனல் மறக்குமா? "கதவைத் திறந்துவைத்து எக்ஸ்ரே! கணவரே ஒப்புதல்!" என்று திரையின் அடியில் எழுத்து ஓட ஆரம்பித்துவிட்டது. அடுத்து வந்த மேனேஜர் துக்க வீட்டு முகத்தோடு பேசினார். "அந்த ஆபத்து தெரிஞ்சதாலதான் அவங்களை உடனே நிறுத்தினோம்."

சித்தப்பா போனில் கூப்பிட்டார். "எதிர்ப்பக்கத்துக்கு நல்ல சாட்சி கிடைக்காம திண்டாடிட்டு இருந்தாங்க. நம்ம மாப்பிள்ள கூப்பிடாமலே போய்ச் சொல்லிட்டு வந்துட்டாரு."

"நல்லாத்தானே பேசினேன்?" என்றார் கணவர்.

"நல்லாத்தான் பேசினீங்க, அவங்களுக்கு" என்றாள். சொல்லாமல் கொள்ளாமல் வர வேண்டிய கதிர்வீச்சு அதிகாரியும், விஷயம் டிவியில் வந்துவிட்டதால் ஆஸ்பத்திரி விளக்கம் கொடுத்த பிறகுதான் வருவேன் என்று சொல்லிவிட்டார்.

ஆஸ்பத்திரியில் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். மரியாதைக் குறைவு என்ற குற்றச்சாட்டோடு, நோயாளிகளைக் கதிரில் வாட்டினாள் என்பதும் இப்போது சேர்ந்துகொண்டது. "உள்ள என்ன கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கறேன். நீ வாயே திறக்காத" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார் சித்தப்பா. மூட்டுவலிக்காரர். கூப்பிடும்வரை உட்காரலாம் என்று எதிரே தெரிந்த பெஞ்சில் சாய்ந்தார். பக்கத்தில் கையில் கட்டோடு ஒருத்தி, மடியில் தூங்கும் குழந்தை.

கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. படம் எடுக்கப் போகிறார்கள்.

"எந்திரிங்க!" என்று கத்தினாள் அவள். "எல்லாரும் எந்திரிச்சு அந்தப் பக்கம் போங்க! சித்தப்பா, உங்களத்தான்!"

மூட்டுவலி போன இடம் தெரியவில்லை. குழந்தைக்காரிக்கு முன்னால் மூலைக்குப் போய் நின்றவர் சித்தப்பாதான்.

சத்தம் கேட்டு மேனேஜர் வந்தார். "பாத்தீங்களா வக்கீல் சார்? இதத்தான் நடத்தை சரியில்லன்னோம்."

அவள் அவரைப் பார்க்கவே இல்லை. குனிந்து பெஞ்சின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தாள். பெஞ்சு அசைவேனா என்றது. சித்தப்பா கதவின் இடைவெளியைப் பார்த்தார், மேனேஜரைப் பார்த்தார், தன் மூட்டைத் தடவிப் பார்த்தார்.

"இது சட்டப்படி சரியான்னு அப்புறம் பாத்துக்கலாம்" என்று முணுமுணுத்துக்கொண்டே மறுமுனையைப் பிடித்தார். முதலாளியின் அம்மா தரையைக் கிறீச்சிட வைத்தபடி மூலை திரும்பிப் போய்ச் சேர்ந்தார்.

மேனேஜருக்குக் கோபத்தில் தலைகால் புரியவில்லை. விசாரணை அறைக்குள் போனதும் போகாததுமாக டைப் அடிப்பவரைப் பார்த்துக் கத்தினார். "புதுசா ஒண்ணு சேருங்க. ஆஸ்பத்திரிப் பொருளை அனுமதியில்லாம இடம் மாத்தினாங்கன்னு!"

அவள் வாயைத் திறந்தாள். "எங்கேருந்து எங்கன்னு போடலியே சார்? குற்றச்சாட்டை அரைகுறையா எழுதலாமா?"

"அதையும் போடுங்க! எக்ஸ்ரே ரூம் வாசல்லேருந்து மூலைக்கு! ரூம் கட்டின நாள்லேருந்து அங்கேயே கிடந்த பெஞ்சு, அதுவும் முதலாளி அம்மா பேர்ல! எல்லாத்தையும் போடுங்க!"

எல்லாம் போட்டார்கள். மேனேஜர் காகிதம் கிழிகிற மாதிரி கையெழுத்தும் போட்டு, முத்திரையையும் குத்தினார். சித்தப்பா எழுந்து நின்று, கல்யாண வீட்டில் பந்திக்குக் கூப்பிட்டது போன்ற பணிவோடு, ஒரு நகல் வேண்டும் என்றார்.

வெளியே வந்தபோது மூலைக்கு அந்தப் பக்கம் பெஞ்சு நிறைய ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். குழந்தை இன்னும் தூங்கிக்கொண்டிருந்தது. வேலை திரும்பக் கிடைக்குமா என்று அவளுக்குத் தெரியாது. ஆனாலும் பல நாளுக்குப் பிறகு நெஞ்சு லேசாக இருந்தது. பெஞ்சைப் பழைய இடத்துக்கு இழுக்க வந்த காவலாளியும் கையைக் கட்டிக்கொண்டு சும்மா நின்றார். இடம் மாற்றுவதென்றால் மேனேஜரின் எழுத்துபூர்வமான அனுமதி வேண்டுமாம்.