சிறப்புத் தோற்றம்: சென்னகிருஷ்ணன்

1

இந்தக் கதை ஒரு சிரிப்பிலிருந்து வந்தது. சிரித்தவர்களில் நானும் ஒருவன். இதைக் கடைசிவரை ஒளித்துவைத்துத் திருப்பமாக ஆக்கியிருக்கலாம். தொலைக்காட்சிக்கு வசனம் எழுதிப் பிழைப்பவனுக்கு அது கைவந்த வேலைதான். ஆனால் மூன்று வாரமாக எழுத உட்கார்ந்தால் எழுந்துவிடுகிறேன், எழுந்தால் மறுபடி உட்கார்ந்துவிடுகிறேன். அதனால் முதலிலேயே சொல்லித் தொலைத்துவிடுகிறேன்.

தொடக்கங்கள் சில எழுதிப் பார்த்தேன்.

"ஓசூரிலிருந்து பாகலூர் போகும் சாலையில், ரோஜா வளர்க்கும் பிளாஸ்டிக் கூரைப் பாலிஹவுஸ்கள் தொடங்கும் இடத்தில், மூடிக் கிடந்த தொழிற்சாலை ஒன்று..."

(வேண்டாம். கட்டடத்தைப் பற்றிய கதை என்று நினைத்துவிடுவீர்கள்.)

"துரோகிகளுக்குப் பெயர் வைப்பதில் லிபியா கெட்டிக்காரி. அவள்..."

(இதுவும் வேண்டாம். உண்மைதான், ஆனால் அவளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு நான் கீழே நின்று பேசுவது போல இருக்கிறது.)

2

'பதினோராம் கதவு' என்ற உளவுத் தொடருக்கு லிபியாவும் நானும் வசனம் எழுதினோம். துபாயும் வியன்னாவும் தாஷ்கண்டும் கதையில் வரும். படம்பிடித்ததெல்லாம் மேலே சொன்ன அந்தத் தொழிற்சாலைக்குள்தான். பழைய கேன்டீன் தூதரகமாக இருந்தது. சரக்குக் கிடங்கு விமான நிலையமாக இருந்தது.

இயக்குநர் பிரதாப்புக்கு ஒரு பழக்கம். தொடருக்குள் எங்களுக்கு மட்டும் தெரிந்த சில கேலிகளைப் புதைத்துவைக்க வேண்டும். ஒன்பது வருடம் மதியத் தொடரில் சாதுவான மாமனாராக நடித்தவரைக் கூட்டிவந்து விஷம் வைப்பவராகப் போட்டோம். சமையல் நிகழ்ச்சி நடத்தும் அம்மாள் ஒருவர் சுங்க அதிகாரியாக ஒரே காட்சியில் வந்து, பிடிபட்ட வெள்ளைப் பொடியை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு "உப்பு கம்மி" என்றார். உளவாளிகளின் ரகசிய வாக்கியங்கள் எல்லாம் அந்தந்த வாரச் சாப்பாட்டுப் பட்டியல். போலிப் பாஸ்போர்ட்டுகளில் லைட்மேன்களின் பெயர்கள். ரசிகர்கள் ஒவ்வொன்றையும் தோண்டி எடுத்து இணையத்தில் போடுவார்கள். எங்களுக்கும் அது போதையாகிவிட்டது.

லிபியா தன் பங்குக்குப் பழைய கம்பெனி ஆட்களின் பெயர்களைப் புதைத்தாள். எழுத வருவதற்கு முன் ஆறு வருடம் அவள் போச்சம்பள்ளிப் பக்கம் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் ஆபரேட்டர். கெட்டவர்கள், கோழைகள், செத்துப்போகிறவர்கள் எல்லோருக்கும் அங்கிருந்துதான் பெயர். ஏழாம் எபிசோடில் பிடிபடப்போகும் பெரிய துரோகிக்கு 'சென்னகிருஷ்ணன்' என்று வைத்தாள்.

"யார் இந்த ஆளு?" என்று கேட்டேன்.

"எங்க ஷிஃப்ட் சூப்பர்வைசர்ண்ணா. விடுங்க."

விட்டேன்.*

* விட்டிருக்கக் கூடாது. ஆனால் எழுத்தாளர்கள் இருவர் ஒரே அறையில் வேலை செய்தால் இப்படிப்பட்ட இடங்களில் விட்டுவிடுவது மரியாதை என்று நினைத்துக்கொள்வோம்.

3

துரோகியாகச் சிறப்புத் தோற்றத்தில் நடிக்க வேண்டியவர் ராஜசேகர். தொடர்களில் நேர்மையான கலெக்டராகவே நடித்துப் பெயர் வாங்கியவர். அவரே துரோகி என்பதுதான் அன்றைய கேலி. காலை பத்து மணிக்குக் கடுங்காய்ச்சல் என்று செய்தி வந்தது. மாலை ஐந்து மணிக்கு இடத்தைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். பிரதாப் நகத்தைக் கடித்துக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் நடந்தான்.

கேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே வரும்போது நான் ஒன்றைக் கவனித்திருந்தேன். காவலாளியின் சட்டைப் பையில் தொங்கிய அட்டையில் 'சென்னகிருஷ்ணன்' என்று இருந்தது. அறுபதை நெருங்கும் வயது, நரைத்த மீசை, சுத்தமாகத் தேய்த்த சீருடை.

"துரோகியோட பேரிலேயே ஒரு ஆள் கேட்டுல நிக்கிறாரு" என்று பிரதாப்பிடம் சொன்னவன் நான். சொல்லிவிட்டுச் சிரித்தவனும் நான். அதே பெயர் என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. பிரதாப் கைதட்டினான். "நிஜப் பேரோட நிஜ ஆள்! டைட்டில்ல 'சிறப்புத் தோற்றம்: சென்னகிருஷ்ணன்'னு போடுவோம். எவனாலயும் கண்டுபிடிக்க முடியாது."

லிபியா வசனம் திருத்துவதற்காக அன்று வந்திருந்தாள். காவலாளியை மேக்கப் அறைக்குக் கூட்டிப்போகும்போது நேருக்கு நேர் பார்த்துவிட்டாள். பழைய பழக்கம், வாய் தானாகச் சொன்னது.

"சார்..."

"அட, லிபியா! மேடம்னு சொல்லணும் இப்ப" என்று அவர் முகம் மலர்ந்தது. "நீங்க எழுதறதா இது? கம்பெனியில ஆள் குறைச்சப்ப என்னையும் அனுப்பிட்டாங்க. இங்க செக்யூரிட்டில ஒண்ணரை வருஷமா இருக்கறன். பாருங்க, என்னைப் போயி நடிக்கச் சொல்றாங்க!" உடனே வீட்டுக்குப் போன் செய்தார். "வெள்ளையம்மா, டிவில வரப்போறன். ஆமா, நாந்தான். அக்கம்பக்கம் சொல்லி வையி."

லிபியா தடுத்திருக்கலாம். துரோகியின் பெயரை மாற்றச் சொல்லியிருந்தால் ஒரு நிமிட வேலை. அவள் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். தான் நினைத்தது என்ன என்று பிறகு என்னிடம் சொன்னாள்: "தப்பை ஒத்துக்கற வார்த்தை அவர் வாயாலயே வரட்டும்னு ஒரு ஆசை வந்துருச்சிண்ணா."

4

காட்சி எளிமையானது. சக உளவாளி ஒருத்தியின் சாவைப் பற்றித் துரோகி கொடுத்த பொய் அறிக்கையை அதிகாரி மேசைமேல் போடுவார். துரோகி அதைச் சத்தமாக வாசிக்க வேண்டும். கையெழுத்து யாருடையது என்று கேட்டதும் "என்னுது மட்டும்தான்" என்று சொல்ல வேண்டும். அதிகாரியாக நடித்தவர் அருணா.

கேமரா ஓடியது. சென்னகிருஷ்ணன் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தார்.

"பாதுகாப்பு ஏற்பாடுகள் முழுமையாக இருந்தன. பாதிக்கப்பட்டவரின் கவனக்குறைவே..."

அங்கே நின்றார். மறுபடி முதலிலிருந்து, இப்போது சத்தமில்லாமல், உதடு மட்டும் அசைய வாசித்தார். அவர் முகத்தில் நடந்ததை வருணிக்க நாலு முறை முயன்றுவிட்டேன். "இருண்டது" பொய். "வெளிறியது" பாதி உண்மை. பழைய வீட்டு விலாசத்துக்கு வந்த கடிதத்தை யாரோ தேடிவந்து கொடுத்தது போல...

(போதும்.)

"இந்தக் கையெழுத்து யாரோடது?" என்று அருணா கேட்டார்.

அவர் அருணாவைப் பார்க்கவில்லை. கேமராவுக்குப் பக்கத்தில் நின்ற லிபியாவைப் பார்த்தார்.

"ரெண்டு கையெழுத்துங்களே" என்றார். "ஒண்ணு என்னுது. இன்னொண்ணு?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிரதாப் துள்ளிக் குதித்தான். "கட்! அற்புதம்! அண்ணே, இதை எங்கே புடிச்சீங்க? அப்படியே வச்சுக்கறோம்."

படப்பிடிப்பு முடிந்ததும் கேட்டருகே லிபியா அவரிடம் போனாள். நான் இரண்டடி தள்ளி நின்றேன்.

"கோவம் இல்லீங்க மேடம்" என்றார் அவர். "நான் செஞ்சது தப்புதான். சென்சாரை ஆஃப் பண்ணி மெஷினை ஓட்டச் சொன்னதும் நான், அந்தப் பொண்ணு மேல பழியைப் போட்டு எழுதனதும் நான். ஆனா என்னை மட்டும் உக்காத்தி வச்சிட்டீங்களே."

5

போகும் வழியில் லிபியா காரில் சொன்னது இது. நான்கு வருடத்துக்கு முன் அவளுக்குப் பக்கத்தில், தகட்டை அழுத்தி வெட்டும் பிரஸ் மெஷினில் நின்றவள் ராஜாத்தி. இருவரும் கம்பெனி பஸ்ஸில் ஒரே சீட்டில் போய்வந்தவர்கள். உற்பத்தி பத்தவில்லை என்று, கை உள்ளே போனால் மெஷினை நிறுத்தும் சென்சாரை அணைத்துவைத்திருந்தார்கள். ராஜாத்தியின் வலக்கையில் இரண்டு விரல்கள் போயின. கவனக்குறைவு என்று அறிக்கை தயாரானது; காட்சியில் லிபியா வைத்தது அதே வரிகள். சாட்சிக்கு ஒரு கையெழுத்து தேவைப்பட்டது. லிபியாவின் கான்ட்ராக்ட் அந்த மாதம் முடிய இருந்தது. நிரந்தரம் ஆக்குவதாகச் சொன்னார்கள். போட்டாள்.

அந்தச் சொல் ராஜாத்தியின் மேல் ஒட்டிக்கொண்டது. கவனமில்லாதவள் என்று வேறெந்தக் கம்பெனியும் எடுக்கவில்லை. வழக்குப் போட்டாள், அவள் பக்கம் பேச ஆள் இல்லாமல் நின்றுபோனது. அறிக்கையை அவளுக்குக் காட்டவே இல்லை; அதில் சாட்சிக் கையெழுத்துப் போட்டது யார் என்று அவளுக்குத் தெரியாது.

ஏழாம் எபிசோடு ஒளிபரப்பான மறுநாள் காலையிலிருந்தே ரசிகர்களிடம் ஒரே கேள்வி: இரண்டாவது கையெழுத்து யாருடையது? பெரிய நட்சத்திரம் யாரோ வரப்போகிறார் என்று பந்தயம் கட்டினார்கள். பிரதாப், "கடைசி எபிசோடுல அந்த ரெண்டாவது ஆளைக் கொண்டாந்துருவோம், எழுது" என்று லிபியாவிடம் சொல்லிவிட்டான்.

ராஜாத்தியும் பார்த்திருக்கிறாள். சிரித்துக்கொண்டே போன் செய்தாள்.

"ஏய் லிபி, அந்த ஆளையே புடிச்சாந்து நடிக்க வச்சிட்டியேடி! எனக்கு நெஞ்சே குளுந்துபோச்சி. அது சரி, யாருடி அந்த ரெண்டாவது ஆளு? எனக்கு மட்டும் சொல்லு, ஒருத்தர்கிட்டயும் மூச்சுவிட மாட்டன்."

"நேர்ல சொல்றன்" என்றாள் லிபியா.

6

ராஜாத்தி பாகலூரில் ஒரு பாலிஹவுஸில் ரோஜாக்களை நீளம் பார்த்துப் பிரித்துக் கட்டும் வேலையில் இருந்தாள். மூன்று விரலால் காம்பைப் பிடித்து, இடக்கையால் இலையை உருவும் வேகத்தைப் பார்த்தால் யாரும் அவளைக் கவனமில்லாதவள் என்று சொல்ல மாட்டார்கள். லிபியா எதிரில் நின்றபடியே சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை.

ராஜாத்தி கையிலிருந்த கட்டை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"ஏன் போட்ட?"

"பர்மனன்ட் பண்றதா சொன்னாங்க."

"பண்ணாங்களா?"

"பண்ணாங்க. எட்டு மாசம் இருந்தன். அப்புறம் முடியல, வந்துட்டன்."

"ஆஸ்பத்திரியில எனக்கு ஊட்டிவிட்டியே, அது போட்டதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"பின்னாடி" என்றாள்.

ராஜாத்தி எழுந்து போய் அலுவலக மேசையிலிருந்து ஒரு தாளும் பேனாவும் எடுத்துவந்தாள். "எழுது. நடந்ததை எழுதி, பேரு போட்டு, கையெழுத்து போடு."

லிபியா எழுதிக் கொடுத்தாள். ராஜாத்தி இரண்டு வரி படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "'சூழ்நிலையின் கைதியாக'ன்னா என்னா? சீரியல் மாதிரி எழுதாத." இரண்டாவது தாளில் ஏழே வரி. சென்சார் நின்றிருந்தது. எனக்குத் தெரியும். ராஜாத்தி மேல் தவறில்லை. தெரிந்தே பொய்க்குக் கையெழுத்துப் போட்டேன். தேதி, பெயர், அப்பா பெயர், விலாசம்.

ராஜாத்தி அதை நான்காக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு, அடுத்த ரோஜாக் கட்டை இழுத்தாள்.

"என்ன பண்ணப்போற?" என்று லிபியா கேட்டாள். கேட்டிருக்கக் கூடாது என்று உடனே தெரிந்தது.

"தெரியல. நீ நாலு வருசம் வச்சினு இருந்த இல்ல? நானும் கொஞ்ச நாளு வச்சினு இருக்கறன்."

7

கடைசி எபிசோடில் இரண்டாவது ஆள் வரவில்லை. லிபியா எழுத மறுத்துவிட்டாள், பிரதாப் என்னை எழுதச் சொன்னான், நானும் எழுதவில்லை. ரசிகர்கள் திட்டித் தீர்த்தார்கள்.

இந்தக் கதைக்கு அனுமதி கேட்டு நானே பாகலூர் போனேன். ராஜாத்தி யோசித்துவிட்டு, "பேரை மாத்திக்கோங்க. என் கையை மாத்தாதீங்க. ரெண்டு விரலுன்னே எழுதுங்க" என்றார். தாளைப் பற்றி நான் கேட்கவில்லை. கேட்க வாய் துறுதுறுத்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஏனென்றால் முடிவுகள் என்னிடம் தயாராக இருந்தன. ஒன்றில் ராஜாத்தி கிருஷ்ணகிரிக்கு பஸ் ஏறி, வக்கீலின் மேசைமேல் தாளை வைக்கிறார். சென்னகிருஷ்ணனும் சாட்சி சொல்ல வருகிறார். இன்னொன்றில் தாளைக் கிழித்து ரோஜாக் கழிவோடு போட்டுவிட்டு லிபியாவுக்குப் போன் செய்கிறார். மூன்றாவதில் தாளை வைத்துக்கொண்டே இருக்கிறார். லிபியாவின் போன் ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் அவள் முதுகு நிமிர்கிறது. மூன்றுமே நன்றாக வரும். முதலாவதற்கு மனசு அடித்துக்கொள்கிறது. எழுதியே பார்த்தேன்:

"திங்கட்கிழமை காலை ராஜாத்தி அந்தத் தாளை எடுத்து..."

கை அங்கே நின்றுவிட்டது. எனக்குத் தெரிந்து அவர் இன்னும் எடுக்கவில்லை. எடுப்பாரா, எப்போது, எந்தப் பக்கம் நடப்பார் என்று யாருக்கும் தெரியாது. அவசரப்பட்டு ஓர் ஆளை ஒரு காட்சிக்குள் தள்ளிவிட்டு வேடிக்கை பார்த்தது ஒரு முறை போதும்.

உங்களுக்கும் இருப்புக்கொள்ளாமல் இருக்கும். இருக்கட்டும். அந்த வாக்கியத்தை முடிக்காமல் நீங்களும் கொஞ்ச நாள் வைத்திருங்கள்.