ஒதுக்கு என்றொரு கட்டளை

மும்பை செம்பூரில் ஒரு கூரியர் கம்பெனியின் நாலாவது மாடியில் உமைராவுக்கு வேலை. ஆபீஸ் கம்ப்யூட்டர்களில் இருக்கக் கூடாத கோப்பு எதுவும் நுழைந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஸ்கிரிப்ட் மாட்யூல் என்றால் கூடுதல் கவனம். கட்டளைகளை மூட்டையாகக் கட்டிவைத்த கோப்பு அது. உரிய ஃபோல்டரில் போட்டுவிட்டால் கம்ப்யூட்டர் தானே எடுத்துப் படித்துச் சொன்னதைச் செய்துவிடும். போட்டவன் யார், எதற்காகப் போட்டான் என்று கேட்காது.

அன்று எச்சரிக்கை வந்தது ஸ்கேனிங் பிரிவிலிருந்து, மாரிக்கண்ணன் உட்காரும் கம்ப்யூட்டர். ஏஜென்சி மூலம் வேலைக்கு வந்தவர். திருநெல்வேலிப் பக்கம், குடியிருப்பது டிராம்பேயில். லிஃப்டில் பார்க்கும்போதெல்லாம், "என்ன மேடம், இன்னைக்கு எத்தன திருடனப் பிடிச்சிய?" என்பார். "ஒங்களத்தான் தேடிட்டிருக்கேன் அண்ணே" என்பாள் இவள்.

கோப்பைத் திறந்தாள். மூன்று கட்டளைகள். ஆங்கில எழுத்தில் தமிழ்: பாரு, எண்ணு, ஒதுக்கு. ஸ்கேன் செய்த ரசீதுகளை இருந்த இடத்திலிருந்து எடுத்து வேறொரு டிரைவுக்கு மாற்றியது, திரையில் எதுவும் காட்டாமல். அப்படிச் செய்ய அவருக்கு யாரும் அனுமதி கொடுத்திருக்கவில்லை.

மேலாளர் கேல்கர் அவள் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். "உன் பாஷைதானே? மத்லப் கியா?" என்று அர்த்தம் கேட்டார்.

முதல் இரண்டையும் சொன்னாள். மூன்றாவதற்கும் யோசிக்கவில்லை. தாராவியில் அவள் வாப்பா ஹனீப்புக்குத் தோல் பை செய்யும் பட்டறை. "எலே, ரெண்டு துண்டு தோலு கொறையுது, எவம்லே ஒதுக்குனது?" என்று அவர் கத்துவதைக் கேட்டுத்தான் வளர்ந்தாள். அந்தப் பட்டறையில் ஒதுக்குவது என்றால் கமுக்கமாகத் தனக்கென்று எடுத்துவைப்பது.

"சுப்கே சே அலக் ரக்னா, சார்."

கேல்கர் அதை அப்படியே ஆங்கிலத்தில் ரிப்போர்ட்டில் தட்டினார். ரகசியமாக எடுத்து வைத்தல். கோப்பு செய்த காரியத்தோடு அது கச்சிதமாகப் பொருந்தியது. மாரிக்கண்ணனைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கலாமே என்று உமைராவின் நாக்கு நுனி வரை வந்தது. அதற்குள் அடுத்த எச்சரிக்கை ஒளிர்ந்தது. அவள் அதைத் திறந்தாள்.

மறுநாள் மாரிக்கண்ணனின் நாற்காலியில் வேறொருவர் இருந்தார்.

அவர் விட்டுப்போன டிபன் பாக்ஸையும் மூக்குக் கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை டிராம்பே பஸ் ஏறினாள். ஏன் தானே கேட்டு வாங்கிக்கொண்டாள் என்று அவளுக்கே விளங்கவில்லை.

அவர் மனைவி விஜயராணி கதவைத் திறந்தாள். ஒரே அறை. கட்டில் நிறையத் துவைத்த துணி.

"உள்ள வாங்க, நிக்காதிய. ஒரு நிமிசம், கட்டில ஒதுக்கிருதேன்." துணிகளை மடித்து, ஆளாளுக்குத் தனி அடுக்காக வைத்து, விரிப்பைக் கையால் நீவிவிட்டாள். "இப்ப இரிங்க."

உமைரா நின்றுகொண்டே இருந்தாள். "என்னக்கா செய்யுதேன்னிய?"

"ஒதுக்குதேன்னேன். ஏன், ஒங்க வீட்ல அப்படிச் சொல்ல மாட்டியளா?"

"நாங்க வேற எதுக்கோ சொல்லுவோம்."

குளித்துவிட்டு வந்த மாரிக்கண்ணன் கண்ணாடியைப் பார்த்ததும் மலர்ந்தார். "இது இல்லாம பேப்பர்கூடப் படிக்க முடியல." பிறகு, கேட்காமலே சொல்லத் தொடங்கினார். ரசீதெல்லாம் ஒரே ஃபோல்டரில் குப்பையாகக் கிடந்தது. யாராவது ஒன்றைக் கேட்டால் தேடியே பொழுது போய்விடும். போனில் வீடியோ பார்த்துப் பார்த்து, காலியாகக் கிடந்த வேறொரு டிரைவில் தேதிவாரியாக அடுக்கிவைக்க ஒரு கோப்பு எழுதினார்.

"அத ஏண்ணே மறைச்சு ஓடவிட்டிய?"

"திரையில கருப்பா ஒரு பெட்டி படக் படக்குன்னு வந்துபோச்சு. பக்கத்து சீட்டுப் புள்ள பயந்துட்டா. அதான்."

"பேரையாவது இங்கிலீசுல வச்சிருக்கலாம்லா?"

"ஸ்பெல்லிங் தப்பா எழுதி எவனாவது சிரிச்சாம்னா? தமிழ்ல வச்சா ஒருத்தனுக்கும் புரியாதுல்லா." சிரித்தார். "புரிஞ்சா ஒங்களுக்கு மட்டுந்தான் புரியும்னு நெனச்சேன்."

அவள் சொல்லிவிட்டாள். கேல்கர் கேட்டதை, தான் சொன்ன ஹிந்தியை, வாப்பாவின் பட்டறையை. அடுப்பில் பால் பொங்கி வந்தது. விஜயராணி அடுப்பை அணைக்க மறந்து நின்றாள். மாரிக்கண்ணனே எழுந்துபோய் அணைத்தார்.

"தோல் பட்டறையில அப்படியா சொல்லுதாவ?" என்று மட்டும் கேட்டார்.

"ஆமாண்ணே. நாளைக்கே சார்ட்ட எல்லாத்தையும் சொல்லிருதேன்."

"சொல்லு. ஆனா அங்க வேற ஆளப் போட்டுட்டாவ. ஏஜென்சிக்காரன் என் போனையே எடுக்க மாட்டேங்கான்." துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "குர்லாவுல ஒரு பிரஸ்ல கூப்பிட்டிருக்கான். பழைய எடத்த ஏன் விட்டேன்னு கேப்பான்."

"நான் கூட வாரேன். நடந்தத ஹிந்தில எடுத்துச் சொல்லுதேன்."

"வேண்டாம்மா."

சட்டென்று வந்துவிட்டது. அதில் கோபம் இல்லை. ஆனாலும் அந்த வேகம் மூவருக்கும் கேட்டது. அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"எனக்குத் தெரிஞ்ச ஹிந்தியில நானே சொல்லிக்கிடுதேன்."

விஜயராணி சாயா கொண்டுவந்து வைத்தாள். உமைரா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, சூடு ஆறும் முன்பே குடித்து முடித்தாள்.