எண்ணெய் படாத பின்

எஃகுப் பின் செய்யும் ஷெட்டின் முதலாளி எபனேசர் அண்ணாச்சிக்கு எண்ணெய் ஆகாது. பளபளப்பை அது மங்கவைத்துவிடுமாம்.

"நாம விக்கது பின் இல்லளா, பளபளப்பு. கஸ்டமர் அதுல மொகம் பாக்கணும்."

"அத கிரேன் கியர்பெட்டிக்குள்ளல்லா மாட்டப் போறாங்க அண்ணாச்சி! அங்கன போயி யாரு மொகம் பாக்கப் போறா?"

பெர்சிக்கு அலுத்துவிட்டது. கடினப்படுத்திய எஃகுப் பின்களை ரசாயனத் தொட்டியில் முக்கி, சொரசொரப்பைக் கரைத்து, அலசி உலர்த்துவது அவள் வேலை. தொட்டியை விட்டு வந்த எஃகு தோலுரித்த மாதிரி இருக்கும். உடனே எண்ணெய் பூசாவிட்டால் திரேஸ்புரத்து உப்புக் காற்று தின்றுவிடும். இன்று கிரேன் கம்பெனியிலிருந்து சிவபாலன் பார்வையிட வருகிறார். அவர் கண்ணில் துரு பட்டால் ஆர்டர் கிடையாது. ஆர்டர் இல்லாவிட்டால் ஷெட்டுக்குப் பூட்டு. பெர்சி மறுபடியும் உடன்குடிக்குப் போய், அக்கா புருஷன் கடையில் அவர் அறிவுரைகளைக் கேட்டுக்கொண்டே கருப்பட்டிக்கு பில் போட வேண்டும்.

அண்ணாச்சி பின்களை நீல வெல்வெட்டில் அடுக்கினார், வெறுங்கையால். வெளிச்சம் வேண்டுமென்று ஷட்டரை முழுக்கத் தூக்கினார். கடற்காற்று நேராக உள்ளே வந்தது. பின்னாலேயே சிவபாலனும் வந்தார்.

"ஒரு சின்ன ஜெபம் பண்ணிட்டு ஆரம்பிச்சிருவோம் சார்."

அண்ணாச்சியின் சின்ன ஜெபங்களைச் சபை அறியும். கண்களை இறுக மூடிக்கொண்டார்.

"ஆண்டவரே, நீர் எல்லாம் அறிந்தவர்" என்று தொடங்கி, எல்லாவற்றையும் அவருக்கு விளக்க ஆரம்பித்தார். "கல்லால் உரசாமல், ஹைட்ரஜன் பெராக்சைடாலும் ஆக்சாலிக் ஆசிடாலும், தென்மாவட்டங்களில் வேறெவரும் செய்யாத வகையில், நியாயமான விலையில்..."

பெர்சி எண்ணெய்த் துணியை எடுத்தாள். ஓரத்திலிருந்து ஒவ்வொரு பின்னாகத் துடைத்தாள். ஜெபம் எப்போது முடியும் என்று காத்திருந்தே வளர்ந்தவள், முதன்முறையாக, நீளட்டும் ஆண்டவரே என்று வேண்டினாள். தொட்டியின் சூடு, ஐ.எஸ்.ஓ. சான்றிதழுக்கு விண்ணப்பித்திருப்பது எல்லாம் பரலோகத்துக்குத் தெரிவிக்கப்பட்டன.

நிமிர்ந்தாள். சிவபாலன் கண்ணைத் திறந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கை நின்றுவிட்டது. அவர் மோவாயை அசைத்து, அவள் விட்டுவிட்ட ஒரு பின்னைக் காட்டினார்.

"...ஆமென்."

நட்டநடுவில் அந்தப் பின் ஒன்றுதான் பாக்கி. அண்ணாச்சி சரியாக அதையே எடுத்தார்.

"பாருங்க சார், மொகம் அப்படியே தெரியும்." தானே முதலில் பார்த்தார். கன்னத்தில் பழுப்புப் புள்ளிகள். பின்னைத் துடைத்தார், போகவில்லை. கன்னத்தைத் துடைத்தார்.

"ஏளா, என் மூஞ்சில என்னது?"

"துரு அண்ணாச்சி."

சிவபாலன் மற்ற பின்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதெல்லாம் சரியா இருக்கு. இப்படியே எண்ணெய் போட்டு அனுப்புங்க, ஆர்டர் உங்களுக்குத்தான். அத மட்டும் நீங்களே வச்சுக்கிடுங்க, மொகம் பாக்க."

"எண்ணெயா?" அண்ணாச்சி ஒரு பின்னைத் தொட்டு விரலை மோந்தார். "யாருளா போட்டது?"

"ஜெபத்துல நீங்கதான அவ்வளவு நேரம் குடுத்திய!"

அண்ணாச்சி யோசித்தார். முகம் மெல்ல மலர்ந்தது.

"அப்போ இன்னும் ரெண்டு வார்த்த கூடச் சொல்லிருந்தா, இதுவும் தப்பிச்சிருக்கும்!"