உத்தரவாதம் இல்லாத சுறா

பட்டன், ஜிப், லேஸ் மொத்த வியாபாரம் செய்கிறவன் சுறா பார்க்க எந்த ஊர் என்று மூன்று வாரமாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தால் கடை எப்படி உருப்படும்? அன்று காலை சட்டைப் பட்டன் கேட்டவருக்குக் கோட்டுப் பட்டனைக் கட்டிக் கொடுத்து அனுப்பியிருந்தேன்.

ஆசை என்னுடையதல்ல, என் வீட்டுக்காரியுடையது. அவளுக்கு இடது காது மந்தம். மூன்று மாதத்தில் ஆபரேஷன். அதுவரை கடலில் இறங்கலாம், அதற்குப் பிறகு ஆயுசுக்கும் ஆழம் கூடாது என்று காது டாக்டர் சொல்லிவிட்டார். தன் பாட்டுக்குத் திரியும் சுறாவை அவள் பக்கத்தில் பார்ப்பதென்றால் இந்தப் பருவத்தில்தான். நீச்சல் குளத்தில் இருவரும் சேர்ந்தே முக்குளிக்கப் பயிற்சி எடுத்தோம். அவள் மீன் மாதிரி இறங்கினாள். நான் மூட்டை மாதிரி.

இடம் பார்க்கும் பொறுப்பு எனக்கு. வாய் இருப்பது எனக்குத்தானே. முதல் ஊர்க்காரன் சுறா நிச்சயம் என்றான். கிளறிக் கேட்டதில், கூடை கூடையாக மீன் துண்டு கொட்டிக் கூப்பிடுகிறானாம். பந்திக்கு வருகிற கூட்டத்தை நம் தெருவிலேயே பார்க்கலாம் என்று அவள் தள்ளிவிட்டாள். இரண்டாவது ஊரில் நம்மைக் கூண்டில் வைத்து இறக்குவார்களாம். சுறா நம்மை வேடிக்கை பார்க்கவா என்றாள். மூன்றாவது, நடுக்கடலில் ஒரு பாறைத் திட்டு. நீரோட்டம் ஏறும் வேளையில் சுறாக்கள் தாமாகவே வருமாம். ஆறு பேர் போகும் படகில் இரண்டு இடம் பாக்கி. அவள் கண் அங்கேயே நின்றுவிட்டது.

படகுக்காரம்மாவுக்குப் போன் போட்டேன். சுறா வருமா? வரலாம். எத்தனை? தெரியாது. வந்தால் என்ன செய்யும்? போகும். இப்படி ஒரு விற்பனையை நான் ஜென்மத்தில் கண்டதில்லை. உத்தரவாதம் இல்லாத சரக்கு வேண்டாம் என்று, கடைப்படி இறங்குகிறவன் போல போனை வைத்தேன். மூன்றாவது படி தாண்டி எந்தக் கடைக்காரனும் என்னை விட்டதில்லை. கூப்பிட்டுவிடுவார்கள்.

கூப்பிடவில்லை. மாதிரி அட்டைகளை அடுக்கினேன், கலைத்தேன், நிறவாரியாக மறுபடி அடுக்கினேன். போனில் சார்ஜ் இருந்தது. எதிர்க்கடை டெய்லரின் போனை வாங்கி என் நம்பருக்கே அடித்துப் பார்த்தேன். மணி நன்றாகத்தான் அடித்தது.

மதியம் அவள் சாப்பாட்டோடு வந்தாள். அவளுடைய இடது பக்கமாக நின்று, வாய்க்குள்ளேயே விஷயத்தைச் சொன்னேன். அவள் தலையைத் திருப்பி வலது காதைக் கொடுத்தாள். மறுபடி சொல்ல வேண்டியதாயிற்று.

"பயமா இருக்கா?"

"பயம் என்ன பயம். பேரம் பேசினேன்."

"வேணும்ங்கிற பொருளுக்கு நீங்க பேரம் பேசி நான் பார்த்ததே இல்லைங்க. இந்தக் கடையைப் பிடிச்சப்ப வாயே திறக்கல. என்னைக் கட்டிக்கிறப்பவும் ஒரு கேள்வி கேக்கல. வேண்டாத சரக்குக்குத்தான் இத்தனை கேள்வி."

இருபத்தாறு வருஷம் பக்கத்தில் இருந்து என்னைக் கரைத்துக் குடித்தவள். போனை எடுத்தேன். எங்கள் வம்சத்தில் எவனும் இறங்கிய படியில் திரும்ப ஏறியதில்லை. ஓர் இடம் காலையிலேயே போய்விட்டது, ஒன்றுதான் மிச்சம் என்றார் படகுக்காரம்மா. தண்ணீருக்குள் துணைக்கு அவர்கள் ஆள் ஒருத்தி கூடவே இருப்பாளாம்.

என் நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியது. இறங்கிய வேகத்தைப் பார்த்து எனக்கே வெட்கமாகிவிட்டது. வீட்டுக்காரியின் பெயரைச் சொல்லி எழுதிக்கொள்ளச் சொன்னேன். அவள் அட்டையில் தைத்திருந்த பட்டன் ஒன்றைத் திருகிக்கொண்டே இருந்தாள். நூல் தளர்ந்துவிட்டது.

"கீழ இறங்காம, படகுல மட்டும் கூட வர இடம் இருக்குமாங்க?" என்று போனில் கேட்டேன்.

"அடுப்புப் பக்கம் ஒரு பலகை இருக்கு. புகை வரும், ஆட்டமும் அங்கதான் ஜாஸ்தி."

"சரிங்க."

பட்டனைத் திருகிய கை நின்றது. அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பலகை எவ்வளவு நீளம் என்றுகூட நான் கேட்கவில்லை.